வீட்டு முற்றத்து உயிரியல்

அசோக் நகரிலிருந்து சைதாப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். இன்று கடைவீதியும் மெட்ரோ ரயிலும் நெரிசலுமாக விளங்கும் அந்தச் சைதாப்பேட்டையில், ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், கள்ளிச் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் இருந்தது. ஆடுமாடும் தீண்டாத கள்ளியை யாரேனும் வேலை மெனக்கெட்டு வளர்ப்பார்களா என்று கேட்கத் தோன்றும். வளர்த்தவருக்குக் கள்ளி முக்கியமன்று. கள்ளியின்மேல் வாழும் ஒரு பூச்சிதான் முக்கியம்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1738-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இளமையிலேயே சென்னைக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் படிப்படியாக உயர்ந்து, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். நோயாளிகளைப் பார்ப்பது அவருடைய தொழில். செடிகொடிகளையும் பூச்சிகளையும் பார்ப்பது அவருடைய வேட்கை. நுங்கம்பாக்கத்தில் அவருக்குப் பரந்த தோட்டம் ஒன்று இருந்தது. 1786-ஆம் ஆண்டு, சென்னைக்கு அருகே கடலோரப் புல்லில் அவர் ஒரு சிறு பூச்சியைக் கண்டார். நசுக்கினால் அது சிவப்பாகக் கசிந்தது. உடனே அவர் உள்ளத்தில் ஒரு பெரிய நம்பிக்கை எழுந்தது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அந்நாளில் உலகச் சந்தையில் மிக உயர்ந்த சிவப்புச் சாயம் 'கொச்சினீல்' என்னும் பூச்சியிலிருந்து கிடைத்தது. மெக்சிகோவில் ஒருவகைக் கள்ளியின்மேல் வளரும் அப்பூச்சி ஸ்பெயின் நாட்டாரின் தனியுரிமையாக இருந்தது. ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் சிவப்பு மேலங்கிக்கும் அந்தச் சாயமே வேண்டும். அதைச் சென்னையிலேயே உண்டாக்க முடிந்தால்? ஆண்டர்சன் இலண்டன் ராயல் கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். எழுதியவற்றை அச்சிட்டும் பரப்பினார். ஆய்ந்து பார்த்ததில், புல்லில் கிடைத்தது உண்மையான கொச்சினீல் அன்று என்று தெரியவந்தது. ஆண்டர்சன் மனம் தளரவில்லை. கியூ தோட்டத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கள்ளிச் செடிகளைத் தருவித்துச் சைதாப்பேட்டையில் தோட்டம் அமைத்தார். அவருடைய உறவினரான ஆண்ட்ரு பெர்ரி அதை மேற்பார்த்தார்.

1795-இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவிலிருந்து நீல்சன் என்னும் கப்பல் தலைவர் ஒருவர் உயிருள்ள பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கிருந்து அவை சென்னைக்கும் வந்தன. ஆனால் வந்தவை வளர்ப்புக் கொச்சினீல் அல்ல. அதன் காட்டு உறவு. சாயம் தரத்தில் தாழ்ந்தது. பூச்சியின் பசியோ குறைவற்றது. ஒருவகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. சாயத் தொழில் பெரிதாக வேரூன்றவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. கொண்டுவரப்பட்ட கள்ளி இனங்கள் சில தோட்ட வேலிகளைத் தாண்டி ஊரெங்கும் பரவின. நம் பாட்டன்மார் காலத்தில் தென்மாவட்டங்களின் நிலங்களை அடைத்துக்கொண்ட சப்பாத்திக்கள்ளியை நினைவிற்கொள்க. அது முழுவதும் ஆண்டர்சன் செயலால் வந்ததென்று சொல்வது நேர்மையாகாது. வெளிநாட்டுக் கள்ளிகள் பல வழிகளில், பல கைகளால் இந்நாட்டுக்குள் வந்தன. அந்தக் கள்ளியை அடக்க இறுதியில் பயன்பட்டது எது தெரியுமா? 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட மற்றொரு கொச்சினீல் இனப் பூச்சி. செடி, பூச்சி, மீண்டும் செடி, மீண்டும் பூச்சி என்று ஒன்றை அடக்க மற்றொன்றாக நூற்றாண்டுக்கு மேல் நீண்ட கதை அது.

ஆண்டர்சன் 1809-இல் இறந்தார். சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் சான்ட்ரி என்ற புகழ்பெற்ற சிற்பி வடித்த அவருடைய பளிங்குச் சிலை இன்றும் இருக்கிறது. அவரை நான் இங்கு நினைவுகூர்வது குறைசொல்ல அன்று. இன்று உலகெங்கும் 'தானே செய்யும் உயிரியல்' என்ற பெயரில் ஓர் இயக்கம் வளர்ந்து வருகிறது. பட்டமும் பதவியும் இல்லாதவர்கள் தம் வீட்டிலும் சிறு கூடங்களிலும் உயிர்களை ஆராய்கிறார்கள். இது இன்று புதிதாய்ப் பிறந்தது எனச் சிலர் வியக்கிறார்கள், சிலர் அஞ்சுகிறார்கள். வியப்பவரும் அஞ்சுபவரும் சைதாப்பேட்டைத் தோட்டத்தைச் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது. அங்கே இந்த முயற்சியின் இரண்டு முகங்களும் உள்ளன: ஒன்று, பார்த்ததை எழுதிப் பிறரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளும் நற்பழக்கம், மற்றொன்று, உயிருள்ளதை வெளியே விட்டபின் திரும்ப அழைக்க இயலாமை.

அன்பு கொண்டவர்கள்

தொழிலாக அன்றி விருப்பத்தால் ஒன்றைச் செய்பவரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பார்கள். அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் 'அமாத்தோர்'. அன்பு செய்பவர் என்பது அதன் பொருள். தமிழில் 'ஆர்வலர்' என்கிறோம். ஆர்வம் என்பதற்கும் அன்பு என்ற பொருள் உண்டு. இரண்டு மொழிகளும் ஒன்றையே சொல்கின்றன. ஆயினும் 'அமெச்சூர்' என்றால் அரைகுறை என்ற பொருளும் நாளடைவில் ஒட்டிக்கொண்டது. உயிரியலின் வரலாற்றைப் பார்த்தால் இந்த இழிவு பொருந்தாது. 'உயிரியல்' என்ற துறைப்பெயரே ஐரோப்பாவில் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னர் உயிர்களை ஆராய்ந்தவர்களில் மருத்துவர், குருக்கள், வணிகர், நிலக்கிழார் எனப் பலர் இருந்தனர். உயிரியல் அறிஞர் என்று சம்பளம் பெற்றவர் மிகக் குறைவு.

நம் சோழமண்டலக் கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்டு கோனிக், தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயுசின் மாணவர். அவரிடம் தூண்டுதல் பெற்று, தரங்கம்பாடியின் லுத்தரன் மறைப்பணியாளர் சிலர் செடிகளைச் சேகரிக்கத் தொடங்கினர். தம்மை 'ஐக்கிய சகோதரர்கள்' என்று அழைத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் ரோட்லர். 1776-இல் வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் பணியாற்றி, 1836-இல் இங்கேயே மறைந்தவர். தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தவர் என்று தமிழர் அவரை அறிவர். அவர் உலர்த்திச் சேர்த்த செடிகள் இன்று கியூ தாவரப் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன. நம் வயல் வரப்பில் பூத்த பூக்கள் சில, இருநூறு ஆண்டு கழிந்தும், பெயரும் இடமும் குறித்த தாளில் அங்கே உறங்குகின்றன.

அவர்கள் தனித்தனியே செய்ததைவிடச் சேர்ந்து செய்ததே பெரிது. ஒருவர் கண்ட செடியை மற்றவருக்கு அனுப்புவார்; மற்றவர் மறுத்து எழுதுவார்; ஐயம் தீராவிட்டால் ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள். ஒருவரது ஆர்வம் அறிவாக மாறுவதற்கு இன்னொருவருடைய கண் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். பிற்காலத்தில் கொடைக்கானல் மலைமேல் செண்பகனூரில் 1895-இல் திருஇருதயக் கல்லூரியை நிறுவிய சேசு சபைத் துறவியரும் இதே வழியில் சென்றனர். இறையியல் கற்பித்துவந்த இடத்தில் பூச்சிகளும் பறவைகளும் பாம்புகளும் நிறைந்த ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. அங்கே வாழ்ந்த ஆங்லாது அடிகளார் பழனி மலையின் செடிகளை ஓவியமாகத் தீட்டினார்; அம்மலையின் கற்திட்டைகளை ஆராய்ந்தும் எழுதினார்.

மறைத்தவரும் அறிவித்தவரும்

இந்த இடத்தில் ஐரோப்பாவின் இரண்டு ஆர்வலர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது தகும்.

முதலாமவர் ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரின் துணி வணிகர் லேவன்ஹூக். துணியின் இழைகளைப் பார்க்கப் பயன்படும் உருப்பெருக்கிக் கண்ணாடியிலிருந்து தொடங்கி, தாமே மிகச் சிறிய வில்லைகளைச் செய்தார். அவற்றில் சில 200 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டின. 1673 முதல் இலண்டன் ராயல் கழகத்துக்குக் கடிதங்கள் எழுதினார். ஏரி நீரிலும், தம் பல்லில் படிந்த அழுக்கிலும் நெளியும் சிற்றுயிர்களைக் கண்டு சொன்னார். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு இல்லை, இலத்தீன் தெரியாது. ஆயினும் பாக்டீரியாவை முதன்முதல் பார்த்த மனிதர் அவரே. ஆனால் தம் மிகச் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை அவர் எவருக்கும் சொல்லவில்லை. 1723-இல் அவர் இறந்தபோது அந்தக் கைத்திறனும் அவருடனேயே போயிற்று. அவர் கண்ட அளவுக்குத் தெளிவாகப் பிறர் காண நெடுங்காலம் ஆயிற்று.

இரண்டாமவர் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். ஆசிரியர் தகுதித் தேர்வில் இருமுறை தேறாதவர். மொராவியாவின் புருன் நகரில் தம் துறவு மடத்தின் தோட்டத்தில், 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலத்தில், 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். உருண்டை எத்தனை, சுருக்கம் எத்தனை, மஞ்சள் எத்தனை, பச்சை எத்தனை என்று எண்ணி எழுதினார். 1865-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அதைப் படித்துக் காட்டினார். எங்கே? ஒரு பேரறிஞர் அவையில் அன்று. அவ்வூர் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில். கேட்டவர்களுக்கு அதன் ஆழம் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சங்கம் ஒரு நன்மையைச் செய்தது. 1866-இல் அக்கட்டுரையைத் தன் இதழில் அச்சிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கும் சங்கங்களுக்கும் அனுப்பியது. அது அங்கே தூசு படிந்து கிடந்தது. மெண்டல் 1884-இல் மறைந்தார். 1900-இல் மூன்று நாட்டு அறிஞர்கள் தனித்தனியே அதே விதிகளை அடைந்தபோது, தங்களுக்கு முன்பே ஒரு துறவி இதைச் சொல்லிவிட்டார் என்பதை அந்த இதழைக் கொண்டே அறிந்தார்கள்.

புரியாவிட்டாலும் பதிவு செய்து வைத்த அந்தச் சங்கத்தாருக்கு மரபியல் கடன்பட்டிருக்கிறது. ஆர்வலர் கூட்டம் என்பது எதற்கு என்ற வினாவுக்கு இதைவிடச் சிறந்த விடை கிடைப்பது அரிது.

நள்ளிரவில் ஒரு கடற்கரை

இனிச் சென்னைக்கு மீள்வோம். 1972-இல் ராமுலஸ் விட்டேக்கர் கிண்டியில் பாம்புப் பண்ணையை அமைத்தார். அதைச் சுற்றி இளைஞர் சிலர் கூடினர். அவர்கள் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே இரவு நேரங்களில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினார்கள். கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளைப் பார்ப்பதும் கணக்கெடுப்பதும் அவர்கள் நோக்கம். முட்டைகள் நாய்க்கும் நரிக்கும் இரையாவதையும், மனிதர் தோண்டி எடுத்து விற்பதையும் கண்டு, அவற்றைப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துப் பொரிக்க வைத்தனர். 1978-இல் சென்னை இயற்கை ஆர்வலர் சங்கமும் தோன்றியது.

பாம்புப் பண்ணையைச் சார்ந்தவர்களுள் சதீஷ் பாஸ்கர் தனியே குறிக்கத்தக்கவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர். படிப்பை முடிக்காமல் கடலின்பால் ஈர்க்கப்பட்டவர். இந்தியக் கரையோரத்தில் எங்கெங்கு எந்த ஆமை முட்டையிடுகிறது என்பது எவருக்கும் சரியாகத் தெரியாத காலம் அது. அவர் நடந்தே அதைக் கண்டறிந்தார். குஜராத்திலிருந்து அந்தமான் வரை அவர் நடந்த கடற்கரைகளின் நீளம் 4,000 கிலோமீட்டருக்கு மேல். 1982-இல் இலட்சத்தீவுக் கூட்டத்தின் சுஹேலி வலியகர என்னும் ஆளில்லாத் தீவில், பருவமழைக் காலம் முழுவதும் தன்னந்தனியே தங்கினார். பச்சை ஆமைகள் அங்கு முட்டையிடுவது மழைக்காலத்தில்; அப்போது படகுப் போக்குவரத்தே இராது. போனால் மழை ஓய்ந்தபின்தான் திரும்ப முடியும். அத்தீவிலிருந்து தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, புட்டியில் அடைத்து, கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் அதைக் கண்டெடுத்து, தம் சொந்தச் செலவில் அஞ்சலில் சேர்த்தார். நான்கு வாரங்களுக்குள் கடல் அதைச் சுமந்து சென்ற தொலைவு ஏறத்தாழ 800 கிலோமீட்டர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் புட்டிக் கடிதத்தோடு நிறுத்திவிடுவதுண்டு. அவருடைய உண்மையான சாதனை அவர் எழுதிய அறிக்கைகள். எந்தக் கடற்கரை, எத்தனை தடங்கள், எத்தனை குழிகள், எந்த இனம் என்று சலிக்காமல் குறித்தார். இந்தியாவின் கடலாமை ஆய்வு அந்தக் குறிப்புகளின்மேல் கட்டப்பட்டது. 2023-இல் அவர் காலமானார்.

பாம்புப் பண்ணையார் தொடங்கிய பணியைப் பின்னர் அரசுத் துறைகள் சில ஆண்டுகள் நடத்தின. அது நின்றபோது, 1988-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் அதைக் கையில் எடுத்தனர். 'மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு' என்ற பெயரில் அது இன்றளவும் நடைபெறுகிறது. தொடங்கியவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். மற்றவர்களிற் பலர் வேறு வேறு தொழில்களுக்குச் சென்றனர். அவர்கள் இடத்துக்குப் புதிய மாணவர்கள் வந்தனர். ஆண்டுதோறும் சனவரி தொடங்கிக் கோடை முற்றும் வரை, நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான மணலில் நள்ளிரவுக்குமேல் ஒரு கூட்டம் நடக்கிறது. தேர்வுக்குப் படிக்கவேண்டிய பிள்ளைகள், வேலைக்குப் போகவேண்டிய இளைஞர்கள், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும்.

அவர்கள் செய்வதில் உணர்ச்சிக்கு இடமுண்டு. ஆனால் உணர்ச்சி மட்டும் போதாது. ஓர் ஆமை குடுவை வடிவில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இடும். அவற்றைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகும்போது, இட்ட சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும்; தாமதமானபின் முட்டையைப் புரட்டினால் உள்ளே ஒட்டி வளரத் தொடங்கிய கரு இறந்துபோகும். புதைக்கும் குழியும் தாய் தோண்டிய அளவிலும் வடிவிலும் இருக்கவேண்டும். இன்னும் ஒன்று: ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். ஆகவே நிழலில்லாத மணலில் நல்லெண்ணத்தோடு புதைத்துவிட்டு, ஓர் ஊர்க் கரையில் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தையும் பெண்ணாகவே ஆக்கிவிடவும் கூடும். அன்பு, தான் அன்பு செய்வதைப் பற்றிக் கற்கவேண்டும். கல்லாத அன்பு தீங்காக முடியும். இம்மாணவர்கள் வனத்துறையின் அனுமதியுடன், ஒவ்வொரு குழிக்கும் தேதியும் எண்ணிக்கையும் குறித்து வைத்து, 45 நாட்களுக்குப் பின் குஞ்சுகள் வெளிவருவதை எண்ணிக் கடலில் விடுகிறார்கள்.

அந்தக் குறிப்பேடுகளின் அருமை 2025 சனவரியில் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அம்மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுவிட மேலே வர இயலாமல் அவை இறக்கின்றன என்பது பொதுவாக அறியப்பட்ட காரணம். 'இவ்வாண்டு மிக அதிகம்' என்று சொல்வதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு வேண்டுமல்லவா? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளமின்றி நடந்தவர்களின் ஏடுகளில் அது இருந்தது.

ஆமைக்கு இரவெல்லாம் நடக்க இயலாதவர்க்கும் வழி உண்டு. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தம் தெருவிலோ மொட்டை மாடியிலோ கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி அனுப்பினால் போதும். அசோக் நகரின் மாடி ஒன்றில் ஒரு பாட்டியும் பேத்தியும் எண்ணும் மைனாவுக்கும் அந்தக் கணக்கில் இடமுண்டு.

மண்ணின் மணம்

பார்ப்பதும் எண்ணுவதும் ஒரு வகை. உயிரின் உள்ளே கைவைப்பது மற்றொரு வகை. 2008-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆர்வலர் சிலர் கூடித் 'தானே செய்யும் உயிரியல்' என்ற அமைப்பைத் தொடங்கினர். 2010-இல் நியூயார்க் புரூக்ளினில் பொதுமக்கள் வந்து பயிலும் ஆய்வுக்கூடம் ஒன்று உருவாயிற்று. மரபணுவைப் படிக்கும் செலவு வேகமாகக் குறைந்துவந்ததே இதற்கு முதற்காரணம். கோடிகள் செலவான வேலை ஆயிரங்களில் முடியத் தொடங்கியது.

இந்தியாவில் இதன் தொடக்கம் சுவையானது. 2009-இல் பெங்களூர் சிருஷ்டி கலைப் பள்ளியின் மாணவர்கள் ஒரு முயற்சியில் இறங்கினர். அவர்கள் ஓவியமும் வடிவமைப்பும் பயில்பவர்கள். உயிரியல் மாணவர்கள் அல்லர். ஆசிரியர் யஷாஸ் ஷெட்டியின் வழிகாட்டுதலிலும், பெங்களூர் தேசிய உயிர் அறிவியல் மையத்து அறிஞர் முகுந்த் தட்டையின் துணையோடும் அவர்கள் ஒரு பாக்டீரியாவுக்குப் புதிய குணம் ஒன்றைச் சேர்த்தார்கள். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணத்துக்குக் காரணமான 'ஜியோஸ்மின்' என்னும் பொருளை அது உண்டாக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். இயற்கையில் அதை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. இலட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதை அறிந்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உலக மாணவர் அணிகள் கூடும் போட்டிக்கு அதை அவர்கள் கொண்டுசென்றனர். மற்றவர்கள் மருந்தையும் எரிபொருளையும் பற்றிப் பேசிய அரங்கில், மழைக்காக ஏங்கும் ஒரு நாட்டின் பிள்ளைகள் மண்வாசனையைப் பற்றிப் பேசினார்கள்.

இத்தகைய ஆர்வலர்கள் தம் கருவிகளையும் தாமே செய்துகொள்கிறார்கள். கணினியில் பொருத்தும் மலிவான கேமராவின் வில்லையைக் கழற்றித் திருப்பி மாட்டினால் அது நுண்ணோக்கியாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் பெரிய இயந்திரத்தின் வேலையை நம் வீட்டுக் குக்கர் செய்யும். 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 பாகை செல்சியஸை எட்டுகிறது, இருபது நிமிடம் போதும். மசித்த வாழைப்பழத்தில் உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து வடிகட்டி, குளிர்ந்த சாராயம் ஊற்றினால், வெண்ணிற நூலாக டி.என்.ஏ. திரண்டு மேலே வரும். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியை வெளியிட்டனர். அதன் உறுப்புகளின் விலை ஒரு டாலருக்கும் குறைவு. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை அதைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டுசெல்ல உதவியது. லேவன்ஹூக் மறைத்த இரகசியம் இன்று மாணவர் சட்டைப் பையில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், நம் அடுக்களைகளில் இந்த உயிரியல் என்றும் இருந்துவந்திருக்கிறது. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் வருபவை. அவை அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கி மாவைப் பொங்கச் செய்கின்றன. மார்கழிக் குளிரில் எங்கே வைத்தால் பொங்கும், சித்திரை வெயிலில் எத்தனை மணியில் புளித்துவிடும் என்று நம் தாய்மார் அறிந்திருந்தது பாக்டீரியா வளர்க்கும் கலையன்றி வேறென்ன? அவர்கள் அதை எழுதிவைக்கவில்லை. எழுதச் சொல்லி எவரும் கேட்கவுமில்லை. இது நம் வரலாற்றில் ஒரு பெரிய இழப்பு.

திரும்பி வராதவை

அப்படியானால் எல்லாரும் எல்லாமும் செய்யலாமா? இங்கேதான் சைதாப்பேட்டைத் தோட்டம் மீண்டும் நினைவுக்கு வருகிறது.

2017-இல் ஒரு நிகழ்ச்சி. வீட்டிலேயே பாக்டீரியாவின் மரபணுவை மாற்றிப் பார்ப்பதற்கென அமெரிக்காவிலிருந்து விற்கப்பட்ட ஒரு பெட்டியை ஜெர்மனியின் பவேரிய மாநில அதிகாரிகள் சோதித்தனர். தீங்கற்ற பாக்டீரியா மட்டுமே இருக்கவேண்டிய அதில் நோய் விளைவிக்கக்கூடிய வகைகளும் கலந்திருந்தன. வாங்கியவருக்கு அதைக் கண்டறியும் வசதி இல்லை. ஆர்வலர் ஒருவர் தம் ஆய்வில் தவறுவது வேறு. தாம் தவறியதே தெரியாதிருப்பது வேறு. பின்னதுதான் அபாயம். நம் நாட்டில் 1989-இல் வகுக்கப்பட்ட விதிகள், மரபணு மாற்றப்பட்ட உயிர்களைக் கையாள்வதற்கு உயிரியல் பாதுகாப்புக் குழுக்களின் மேற்பார்வை வேண்டுமென்கின்றன. பெங்களூர் மாணவர்கள் தேசிய மையத்தின் துணையோடு தம் வேலையைச் செய்தது பொருளற்றதன்று.

மரபணு ஆய்வு நம் தெருவுக்கு வெகு தூரம் என்று எண்ணுவோர்க்கு மீன்தொட்டியைக் காட்டுவேன். சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து வாங்கிய மீன்களைத் தம் வீட்டில் குஞ்சு பொரிக்கச் செய்யும் சிறுவர்கள் இந்நகரில் ஏராளம். நீரின் காரத்தன்மை, வெப்பம், உணவு என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால் ஒரு கல்லூரி வகுப்பைக் கேட்பதுபோல் இருக்கும். அந்தத் தொட்டிகளில் பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கிவிடப்படும் மீன் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உடல் முழுதும் கவசம் போன்ற செதில். விரற்கடை அளவில் வாங்கியது முழ அளவுக்கு வளர்ந்துவிடும். கொல்ல மனம் வராது. எனவே இரக்கப்பட்டு ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. நம் மீன்களின் இரையிலும் இடத்திலும் பங்குகொள்கிறது. எவரும் வேண்டுமென்றே விடவும் தேவையில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அசோக் நகர்த் தெருக்களிலும் புகுந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் வீட்டுத் தொட்டிக்கும் ஆற்றுக்கும் நடுவே சுவர் இல்லை.

தீயவர் எவரும் இக்கதையில் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஆண்டர்சன் நாட்டுக்கு நன்மை செய்ய எண்ணினார். மீனை ஏரியில் விட்ட சிறுவன் அதன் உயிரைக் காக்க எண்ணினான். நல்லெண்ணம் இருவரிடமும் இருந்தது. ஓர் இயந்திரம் பழுதானால் நிறுத்திவிடலாம். உயிர் பெருகும், இடம்பெயரும், மாறும். அதைச் செய்தவர் இறந்தபின்னும் அது வாழும். உயிரோடு விளையாடுபவர்க்கு மற்ற பொழுதுபோக்குகளுக்கு வேண்டாத ஒரு நிதானம் வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த அச்சத்தைக் காட்டி வீட்டு உயிரியலையே தடுத்துவிடலாமா? கூடாது. தடுத்திருந்தால் மெண்டலின் பட்டாணி இல்லை. ரோட்லரின் உலர்ந்த பூக்கள் இல்லை. சதீஷ் பாஸ்கரின் அறிக்கைகள் இல்லை. உயிரைப் பற்றிய அறிவு சில நிறுவனங்களின் சுவருக்குள் மட்டும் அடைபட்டால், மற்றவர்கள் உயிரைப் பற்றிய முடிவுகளுக்கு வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். நம் வயலில் எந்த விதை, நம் கடலில் எந்த வலை, நம் பிள்ளைகளுக்கு எந்த மருந்து என்பவை எல்லாரையும் தொடும் கேள்விகள். அவற்றைப் புரிந்துகொண்டு வினவும் ஆற்றல், ஒருமுறையாவது தம் கையால் ஓர் உயிரைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்க்கே எளிதில் வாய்க்கும்.

ஆதலால் தம் மகனோ மகளோ மொட்டை மாடியில் பூச்சி வளர்ப்பதையும், புட்டியில் குளத்து நீரைச் சேர்ப்பதையும் காணும் பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கேட்டால் போதும். இன்று பார்த்ததைத் தேதி இட்டு எழுதினாயா? எழுதியதை விவரம் அறிந்த இன்னொருவரிடம் காட்டினாயா? வேலை முடிந்தபின் இந்த உயிரை என்ன செய்யப்போகிறாய்? முதலிரண்டு கேள்விகளுக்கும் மெண்டலிடமும் கடற்கரை மாணவர்களிடமும் விடை உண்டு. மூன்றாவது கேள்வியைச் சைதாப்பேட்டையில் கேட்பதற்கு அன்று ஒருவரும் இல்லை. இன்று நம் வீடுகளில் கேட்பதற்கு நாம் இருக்கிறோம்.